குட்டிக் கடல் குதிரை வளர்ப்பு: தொட்டிக்கு முன்னால் இரை

ஹூஸ்டனில் இருக்கும் ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்தார்: "என் மகளுக்கு ஒன்பது வயது. போன மாதம் மீன் காட்சியகத்துக்குப் போய்வந்ததிலிருந்து எப்போதும் கடல் குதிரைப் பேச்சுதான். குட்டி ரகம் ஒன்று இருக்கிறதாமே, சின்னத் தொட்டியிலேயே வளர்க்கலாமாமே? வீட்டில் 5 காலன் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அது போதுமா? என்னென்ன வாங்க வேண்டும்? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஜூன் மாதம் ஊருக்குப் போகும்போது யாராவது வந்து பார்த்துக்கொண்டால் சரியாக இருக்குமா?"

தொட்டி போதும். மற்றதற்கெல்லாம் பதில் கொஞ்சம் நீளம். நான் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஒன்பது வருடமாக இந்தக் குட்டிகளை வளர்க்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது இதுதான்: தொட்டி வைப்பது ஒரு வார இறுதி வேலை. தினமும் உயிருள்ள இரையைப் பொரித்துக் கொடுப்பதுதான் உண்மையான வேலை. அந்த வேலைக்கு வீடு தயாரா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும். அதனால் இரையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் எந்தக் கடல் குதிரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடலாம். நீங்கள் கேட்பது ஹிப்போகேம்பஸ் சோஸ்டெரே. மெக்சிகோ வளைகுடா, ஃப்ளோரிடா, பஹாமாஸ் பக்கத்துக் கடற்புல் திட்டுகளில் வாழ்வது. வளர்ந்தபின் 2 முதல் 2.5 சென்டிமீட்டர்தான். 5 சென்டிமீட்டரைத் தாண்டாது. இதை 1882-இல் ஜோர்டனும் கில்பர்ட்டும் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவில் கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரித்தார்கள். இணையத்தில் பார்க்கும் இளஞ்சிவப்பு நிறத்தில் மொட்டு மொட்டாக இருக்கிற கடல் குதிரை வேறு. அது ஹிப்போகேம்பஸ் பார்கிபான்டி, உயிருள்ள கடல் விசிறிப் பவளத்தை விட்டு நகராது. அதை வீட்டில் வளர்க்க நினைக்கவே வேண்டாம். வாங்கும்போது அறிவியல் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சில விற்பனையாளர்கள் பெரிய இனத்தின் குஞ்சைக் காட்டி 'குட்டி ரகம்' என்று சொல்லிவிடுகிறார்கள். அது ஆறு மாதத்தில் உங்கள் தொட்டிக்கு அடங்காது.

இனி இரை. கடல் குதிரைக்கு வயிறு கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய், பாதி செரித்தும் செரிக்காமலும் வெளியே வந்துவிடும். அதனால் பகல் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்க வேண்டும். குட்டி ரகம் உறைந்த இரையையோ காய்ந்த தீவனத்தையோ சீந்தாது. அசைந்தால்தான் அதற்கு அது சாப்பாடு. வாய் ஒரு மெல்லிய குழாய், அதில் நுழையும் அளவில் தினமும் கிடைக்கக்கூடியது ஆர்ட்டீமியா என்ற பொடி இறால் வகையின் குஞ்சுதான். இங்கே கடைகளில் பிரைன் ஷ்ரிம்ப் முட்டை என்று டப்பாவில் விற்பார்கள். பெரும்பாலும் யூட்டாவின் பெரிய உப்பு ஏரியில் எடுத்தது. ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும். ஆறேழு கடல் குதிரைக்குக் கால் தேக்கரண்டி முட்டையே தாராளம்.

பொரிக்கும் முறையை என் சமையலறை மேடையில் நடக்கிறபடியே சொல்கிறேன். இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, தலைகீழாக ஒரு தாங்கியில் வைத்திருக்கிறேன். மூடி கீழே. ஏர் பம்ப் குழாயின் முனை பாட்டிலின் கழுத்து வரை இறங்கியிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் கடல் உப்புக் கலவை, ஒரு சிட்டிகை சமையல் சோடா. 27, 28 டிகிரி செல்சியஸ் சூடு. மேலே ஒரு விளக்கு. முட்டையைப் போட்டு, குமிழி நன்றாகப் புரட்டும்படி விட்டால் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகிவிடும். அப்புறம் காற்றை நிறுத்தி, விளக்கை மேலிருந்து எடுத்துக் கீழே, பாட்டிலின் கழுத்துப் பக்கம் வைக்க வேண்டும். பத்து நிமிடம் பொறுங்கள். ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை கழுத்தில் தங்கும், அதற்குச் சற்று மேலே குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி ஒரு பட்டையாகத் திரளும். அந்தப் பட்டையை மட்டும் குழாயால் உறிஞ்சி, ஆர்ட்டீமியாவுக்கென்றே விற்கும் மெல்லிய வலையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். பொரித்த தண்ணீரை ஒரு சொட்டுகூடத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் பாக்டீரியா மண்டிக்கிடக்கும்.

ஓடு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். காலி ஓட்டையும் கடல் குதிரை விழுங்கும். விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நோய்க்கிருமியும் தொட்டிக்குள் வரும். அதனால் நான் பொரிப்பதற்கு முன்பே ஓட்டைக் கரைத்துவிடுகிறேன். முட்டையை ஒரு மணி நேரம் நல்ல தண்ணீரில் காற்று விட்டு ஊறவைத்து, பிறகு வாசனை சேர்க்காத சாதாரண பிளீச்சை ஊற்றிக் கிளற வேண்டும். பழுப்பு நிறம் சாம்பலாகும், வெள்ளையாகும், கடைசியில் ஆரஞ்சாகும். எல்லாம் சில நிமிடங்களில் நடந்துவிடும், சூடும் ஏறும். கையருகில் ஐஸ் கட்டி இருக்கட்டும். ஆரஞ்சு வந்ததும் தாமதிக்காமல் வலையில் கொட்டி, பிளீச் வாடை போகும்வரை குழாய்த் தண்ணீரில் அலசி, குளோரின் நீக்கியில் ஒருமுறை முக்கி எடுத்துவிடுங்கள். இந்த வேலையைப் பாப்பா செய்யக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து நீங்கள் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கானதை மொத்தமாகச் செய்து, அடர்ந்த உப்புக் கரைசலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். கடையில் 'ஓடு நீக்கிய முட்டை' என்று கிடைப்பதில் பல பொரியாத வகை, தீவனமாக மட்டும் விற்பது. டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பொரிந்த புதிதில் குஞ்சின் உடலில் மஞ்சள் கரு நிறைய இருக்கும், சத்து மிக்கது. நேரம் போகப் போக அதைத் தானே எரித்துவிடும். வாய் திறப்பதற்கே பாதி நாள் ஆகும். அதனால் காலையில் பொரிந்ததை உடனே கொடுப்பேன். மீதியில் ஒரு பங்கை ஃபிரிட்ஜில் வைத்துச் சாயங்காலத்துக்கு எடுத்துக்கொள்வேன், குளிரில் அவை அடங்கி இருக்கும். இன்னொரு பங்கைத் தனிப் பாட்டிலில் விட்டு, மறுநாள் வாய் திறந்த பிறகு கொழுப்புச்சத்து மருந்து கலந்து ஊட்டி, அதை மாலை வேளைக்குக் கொடுப்பேன். செல்கான் போன்ற சத்துத் திரவங்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. ஆர்ட்டீமியாவில் இயல்பாகவே ஒமேகா 3 வகைக் கொழுப்பு குறைவு. ஊட்டாமலே கொடுத்துவந்தால் கடல் குதிரை உயிரோடு இருக்கும், ஆனால் தேறாது. குட்டிகளில் அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டு பாட்டில் வைத்து, ஒன்று விட்டு ஒன்றாகப் போடுங்கள். ஒரு நாள் ஒன்று பொரியாமல் போனாலும் பட்டினி இருக்காது. வேலைக்குப் போகிற வீட்டில் இது முடியுமா என்றால், முடியும். காலையில் பதினைந்து நிமிடம், மாலையில் இருபது நிமிடம். எங்கள் வீட்டில் காலை காபி இறங்குவதற்குள் இது முடிந்துவிடும். ஆனால் தீபாவளியன்றும் இதே பதினைந்து நிமிடம், காய்ச்சலில் படுத்திருந்தாலும் இதே பதினைந்து நிமிடம். ஒரு வேளை தவறினால் தாங்கும். இரண்டு நாள் தவறினால் தாங்காது.

இப்போது தொட்டிக்கு வருவோம். பெரிய தொட்டிதான் நல்லது என்று மீன் வளர்க்கிறவர்கள் சொல்வார்கள், பொதுவாக அது சரிதான். இங்கே மட்டும் கணக்கு வேறு. இந்தக் கடல் குதிரை இரையைத் துரத்திப் போகாது. ஒரு புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு, பக்கத்தில் வருவதை உறிஞ்சும். உலகிலேயே மெதுவாக நீந்தும் மீன் என்று கின்னஸ் பதிவில் இருப்பது இதுதான், மணிக்கு ஒன்றரை மீட்டர். பெரிய தொட்டியில் குஞ்சுகள் சிதறிப்போய், பக்கத்திலேயே இரை இருந்தும் இது பட்டினி கிடக்கும். உங்கள் 5 காலன், அதாவது சுமார் 19 லிட்டர், மிகச் சரியான அளவு. அதில் ஆறு, எட்டு குதிரைகளோடு தொடங்கலாம்.

காற்றால் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று போதும். மோட்டார் ஃபில்டர் வேண்டாம், அது குட்டியையும் இரையையும் இழுத்துக்கொள்ளும். குமிழி பெரிது பெரிதாக, மெதுவாக வரட்டும். நுரை போலப் பொடிக் குமிழி விடும் காற்றுக்கல்லைப் போடாதீர்கள். தண்ணீர் ஓட்டம் அதிகமாகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013-இல் உங்கள் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இதே இனத்தை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். இதன் தலை அமைப்பால் மூக்கு நுனிக்கு முன்னால் இருக்கும் தண்ணீர் அவ்வளவாக அலுங்குவதில்லையாம். கோபிபாட் என்ற, இறாலுக்கு உறவான மிகச் சின்ன உயிரினம் சின்ன அசைவையும் உணர்ந்து பாய்ந்து ஓடிவிடக் கூடியது. அதற்குக்கூட இது வருவது தெரியாது. அமைதியான தண்ணீரில் பத்துக்கு ஒன்பது முறை பிடித்துவிடுகிறது. இந்தத் திறமையெல்லாம் தண்ணீர் நிதானமாக இருந்தால்தான்.

குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம், பல ஊர்களில் குளோராமின் என்ற கிருமிநாசினியைக் கலக்கிறார்கள். ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தியை, அதாவது நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை, 1.022 முதல் 1.025-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிவிடுங்கள், மிதக்கும் கருவியை நம்ப முடிவதில்லை. சின்னத் தொட்டியில் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறுவது வேகமாக நடக்கும். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். இந்த ஒரு பழக்கம் என் தொட்டியைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

வெப்பம் 22, 23 டிகிரி செல்சியஸ், அதாவது 72, 73 ஃபாரன்ஹீட். ஏசி ஓடும் வீட்டில் ஹீட்டரே தேவைப்படாது. 26-ஐத் தாண்டினால் விப்ரியோ போன்ற பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம், தோல் வெளுத்து உரியத் தொடங்கும். ஜன்னல் வெயில் படும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

அடியில் மணல் வேண்டாம் என்பது என் கருத்து. அழகுக்குக் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் இவ்வளவு இரை போடுகிற தொட்டியில் செத்த குஞ்சும் கழிவும் அடியில் படியும். வெறும் கண்ணாடியென்றால் சின்ன ஏர் குழாயால் இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். உறிஞ்சிய தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் விடுங்கள், கொட்டுவதற்கு முன் குனிந்து பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒரு நூல் துண்டு மெல்லச் சுருண்டு நிமிர்ந்தால் அது தூசி இல்லை, குட்டி. ஸ்பூனால் எடுத்துத் திரும்ப விட்டுவிடுங்கள்.

வாலைச் சுற்றிக்கொள்ளப் பிடிமானம் நிறைய வேண்டும். ஆரம்பத்தில் பிளாஸ்டிக் செடியே நல்லது, மெல்லிய தண்டு உள்ளதாகப் பாருங்கள். இவை நிறத்தைச் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும். பச்சை, மஞ்சள், பழுப்பு, கறுப்பு எல்லாம் ஒரே இனம்தான். பாப்பாவிடம் ஒரு மஞ்சள் செடி வாங்கித் தரச் சொல்லுங்கள், சில வாரம் கழித்து அதில் தொங்குகிறது என்ன நிறமாகிறது என்று அவளே பார்க்கட்டும்.

இதெல்லாம் வைத்தவுடன் குதிரையை விடக் கூடாது. ஃபில்டரில் நல்ல பாக்டீரியா பிடிக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். துளி அம்மோனியா சேர்த்து, டெஸ்ட் கிட்டால் பார்த்துவாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் மிஞ்சும்போது தொட்டி தயார். அதற்குப்பின் வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும்.

இனி சொல்லப்போவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலோர் தோற்கும் இடம். ஹைட்ராய்டு. ஜெல்லிமீனின் உறவுக்காரன், கண்ணாடியில் ஒட்டி வளரும். இரையைப் போலவே குட்டிகளையும் கொட்டிக் கொன்று தின்னும், பெரிய குதிரையையும் புண்ணாக்கும். நாம் அள்ளி அள்ளிப் போடும் ஆர்ட்டீமியா அதற்கும் விருந்து. என் முதல் தொட்டிக்கு ஒருவர் தன் பவளத் தொட்டியிலிருந்து காலர்ப்பா பாசி ஒரு கைப்பிடி கொடுத்தார். பச்சைப் பசேலென்று அழகாக இருந்தது, அலசி உள்ளே விட்டேன். மூன்று வாரம் கழித்துப் பதினொரு குட்டி பிறந்தது. மறுநாள் ஏழு, அதற்கு மறுநாள் மூன்று. இறந்த உடல்கூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அன்று ராத்திரி விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடியின் பக்கவாட்டில் வைத்து அடித்துப் பார்த்தேன். பகலில் சுத்தமாகத் தெரிந்த கண்ணாடியில் வெள்ளை நூல் வலை போல ஓடியிருந்தது. ஒவ்வொரு நூலிலிருந்தும் மில்லிமீட்டர் உயரத்துக்குச் சின்னச் சின்னத் தண்டு, நுனியில் விரிந்த நட்சத்திரம். ஒரு ஆர்ட்டீமியா குஞ்சு அதன் மேல் உரசியது. அவ்வளவுதான், துடிப்பு நின்றுவிட்டது.

அதிலிருந்து வாரம் ஒருமுறை ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்காமல் இருந்ததில்லை. உங்களுக்கு என் வேண்டுகோள்: உயிருள்ள பாறை (கடல் உயிர்கள் ஒட்டி வாழும் பாறை), மற்றவர் தொட்டிச் செடி, மற்றவர் தொட்டித் தண்ணீர் எதையும் உள்ளே விடாதீர்கள். தொட்டி வலையையும் பொரிக்கும் வலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் வந்துவிட்டால், நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் கைகொடுக்கும். பனாகூர் என்ற பெயரில் கிடைக்கும். கடல் குதிரையும் ஃபில்டர் பாக்டீரியாவும் அதைத் தாங்கும். ஹைட்ராய்டு தாங்காது. பல நத்தை வகைகளும் புழுக்களும் சில பவளங்களும்கூடத் தாங்காது. மருந்து பாறையில் ஊறிவிட்டால் பல மாதம் விடாது, வெறும் தொட்டியை நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். எவ்வளவு போட வேண்டும் என்பதை உங்களுக்குக் குதிரை விற்ற வளர்ப்பாளரிடமே கேளுங்கள். டப்பாவுக்கு டப்பா வீரியம் மாறும், உத்தேசமாகப் போடக் கூடாது. போட்ட பிறகு செத்த ஹைட்ராய்டு தண்ணீரைக் கெடுக்கும், அதனால் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருக்கும்.

கூட வேறு மீன் விடலாமா என்று அடுத்த கேள்வி வரும். வேண்டாம். நண்டு, கடல் சாமந்தி, எந்த மீனும் வேண்டாம். இவற்றால் போட்டி போட முடியாது.

குதிரையை எங்கே வாங்குவது? தொட்டியில் பிறந்து வளர்ந்ததையே வாங்குங்கள். கடலில் பிடித்ததில் ஒட்டுண்ணியும் ஹைட்ராய்டும் சேர்ந்து வரும். உலகத்தின் எல்லாக் கடல் குதிரை இனங்களும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, 2004 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. கடற்புல் அழிந்தால் இந்தக் குட்டிக்கு வேறு போக்கிடம் கிடையாது. டாம்பா விரிகுடாவில் முழங்கால் தண்ணீரில் நின்று புல்லுக்குள் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். புல்லின் தாளோடு தாளாக ஆடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அதை எடுத்துவர எனக்கு மனம் வராது. 1950, 60-களில் இங்கே சிறுவர் படக்கதைப் புத்தகங்களில் விளம்பரம் செய்து, இதே குட்டிகளைக் கடலில் பிடித்துத் தபாலில் அனுப்பினார்கள். கூடவே கொஞ்சம் ஆர்ட்டீமியா முட்டை. எத்தனையோ குழந்தைகள் ஆசையாகப் பெட்டியைப் பிரித்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை சில நாளில் செத்துப்போயின. இரையைப் பற்றி நான் இத்தனை நேரம் பேசுவதற்கு அந்தக் கதைகளும் காரணம்.

இதைத் தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களும் இருக்கலாம். இந்தியாவில் கடல் குதிரை வளர்ப்பது, விற்பது, பிடிப்பது மூன்றும் குற்றம். 2001-இல் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலி இருக்கும் பட்டியல் அது. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் காய்ந்த கடல் குதிரை கடத்தல் இன்னும் பிடிபட்டுக்கொண்டுதான் இருக்கிறது. யாராவது கடையில் ரகசியமாக எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள். அமெரிக்காவிலிருந்து பெட்டியில் எடுத்துப்போகவும் கூடாது. அங்கே இருப்பவர்களுக்கு நல்ல தண்ணீர் மீன்களில் ஆர்ட்டீமியா தின்னும் எத்தனையோ குட்டி மீன்கள் உண்டு.

சரி, குதிரை வீட்டுக்கு வந்துவிட்டது. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, பிறகு கையாலோ கிண்ணத்தாலோ எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். முதல் நாள் தொட்டியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு போடுங்கள். ஆர்ட்டீமியா வெளிச்சத்துக்கு ஓடும் குணம் உள்ளது, அந்த மூலையில் திரளும். நான்கைந்து நாளில் குதிரைகளும் அந்த மூலைக்கு வந்து காத்திருக்கும். காலையில் விளக்கைப் போடும்போதே வந்து தொங்குவதைப் பார்க்கலாம்.

அப்போது பாப்பாவை ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள், கையில் ஒரு பூதக்கண்ணாடி. குதிரையின் ஒரு கண் அவளைப் பார்க்கும், இன்னொரு கண் தனியாகச் சுழன்று ஆரஞ்சுப் புள்ளியொன்றின் பின்னால் போகும். தலை மெல்லச் சாயும். மூக்கு நுனி அந்தப் புள்ளிக்கு நேரே வந்ததும் ஒரு கணம் எல்லாம் நிற்கும். அப்புறம் புள்ளி அங்கே இருக்காது. தலை அசைந்ததைக் கண்ணால் பிடிக்க முடியாது, அது ஒரு மில்லி விநாடிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. வீடு அமைதியாக இருந்தால், பெரிய ஆண் குதிரை உறிஞ்சும்போது கண்ணாடிக்குள்ளிருந்து நகம் தட்டினாற்போல ஒரு சத்தம் கேட்கும்.

ஆண், பெண் அடையாளம் எளிது. வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பை இருந்தால் ஆண். பெண்ணுக்கு வயிறு அந்த இடத்தில் சட்டென்று உள்வாங்கி முடியும். முட்டை இடுவது பெண், சுமந்து பெறுவது ஆண். இந்த இனத்தின் காதலை ஹெதர் மேசன்ஜோன்ஸ், சாரா லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் 1996-இல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். மூன்று நாள் நீளும் சடங்கு. காலையில் இரண்டும் ஒரே தண்டைப் பிடித்துக்கொண்டு, நிறம் வெளிறிப் பளிச்சிட, பக்கத்தில் பக்கத்தில் நின்று நடுங்கும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் விளக்கு போட்ட முதல் அரை மணி நேரம் தொட்டி முன்னால் இருக்க வேண்டும்.

பை நிறைந்த பத்து, பதினான்கு நாளில் குட்டி பிறக்கும். ஐந்தும் இருக்கலாம், இருபத்தைந்தும் இருக்கலாம். பெரிய இனங்களின் குட்டிகள் தண்ணீர் மட்டத்தில் மிதந்து திரிந்து, வளர்ப்பவர் தூக்கத்தைக் கெடுத்து, பெரும்பாலும் செத்துப்போகும். இந்தக் குட்டி அப்படியில்லை. பிறக்கும்போதே 8 மில்லிமீட்டர் இருக்கும், பெற்றோரின் அச்சு. சற்று நேரத்தில் எதையாவது வாலால் பிடித்துக்கொண்டு, அம்மா அப்பா தின்னும் அதே ஆர்ட்டீமியாவைத் தின்னத் தொடங்கிவிடும். பெரியவை அவற்றைத் தின்னாது, அதனால் தனித் தொட்டி தேவையில்லை. அன்று மட்டும் இரையை வழக்கத்தைவிட அடர்த்தியாகப் போடுங்கள், மூன்று வேளையாகப் பிரித்து. மூன்று மாதத்தில் அவையே பெற்றோராகிவிடும். இவற்றின் ஆயுள் ஒரு வருடம், நன்றாகப் பார்த்தால் இரண்டு. இதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் வந்த குதிரை போய்விடும், அதன் பேரன் பேத்திகள் அதே செடியில் தொங்கும். எங்கள் தொட்டியில் இப்போது இருப்பவை முதலில் வாங்கியவற்றுக்கு எத்தனையாவது தலைமுறை என்று என் மகன் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறான்.

கடைசியாக, ஊருக்குப் போகும் விஷயம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்து "தீவனம் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிப்போகக்கூடிய மீன் இது இல்லை. அவர் தினமும் முட்டை பொரித்து, அலசி, அடியைச் சுத்தம் செய்து, மார்க்கர் கோடு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு மாதத்துக்கு அதை யாரிடமும் கேட்க முடியாது. நான் ஊருக்குப் போகும்போது, இதே குதிரைகளை வளர்க்கும் இன்னொரு குடும்பத்தின் வீட்டுக்குத் தொட்டியையே கொண்டுபோய் வைத்துவிடுகிறேன், அவர்கள் போகும்போது அவர்களுடையது இங்கே வரும். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைக்கும்வரை அவசரப்படாதீர்கள். இந்த ஜூனில் நிம்மதியாகப் போய்வாருங்கள். திரும்பியதும் ஆகஸ்டில் தொட்டியில் உப்புத் தண்ணீரை நிரப்பி ஃபில்டரைப் போட்டுவிட்டு, அதே நாளில் சோடா பாட்டிலில் முதல் கால் தேக்கரண்டி முட்டையையும் போடுங்கள். தொட்டி தயாராகும் அந்த ஆறு வாரமும் ஒரு நாள் விடாமல் பொரித்துப் பாருங்கள். பொரிந்ததைப் பக்கத்தில் யாராவது மீன் வளர்த்தால் கொடுத்துவிடலாம். ஆறு வாரம் தவறாமல் நடந்தால் செப்டம்பர் கடைசியில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், குதிரை எங்கே வாங்கலாம் என்று சொல்கிறேன்.